எழுதுபொருட்களைக் கப்பலில் வரவழைக்கும் முன்

கொழும்பில் எழுதுபொருள் வியாபாரம் தொடங்குபவர் மலிபன் வீதி மொத்த விலையையும் சீனத் தொழிற்சாலை விலையையும் ஒப்பிட்டுப் பார்த்ததும், நேரடியாக வரவழைத்துவிடலாம் என்ற துணிவுக்கு வந்துவிடுகிறார். வரவழைக்கலாம்தான். ஆனால் எழுதுபொருள் என்ற பெயருக்குள் கல்லாய்க் கனக்கும் ஸ்டேப்ளர் பின்னும், பெரும்பாலும் காற்றையே சுமந்து வரும் பிளாஸ்ரிக் கோப்பும், ஈரம் பட்டால் கெடும் கடதாசியும், தீப்பற்றும் திருத்தத் திரவமும் சேர்ந்தே கிடப்பதால், விலை பேசும் அன்றே பொதிப் பட்டியலையும் (எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று காட்டும் தாளையும்) பேசி முடிக்க வேண்டும் என்பதே என் அனுபவம்.

முன்னேற்பாடுகள் அதிகமில்லை. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் வரி செலுத்துனர் இலக்கம், சுங்கத்தில் இறக்குமதியாளராகப் பதிவு, சுங்கத்தில் சரக்கை விடுவித்துத் தரும் நம்பிக்கையான ஒரு வார்ஃப் கிளார்க், இவை போதும். பணம் அனுப்பும் முறையை மட்டும் விற்பனையாளருக்கு வாக்குக் கொடுப்பதற்கு முன் வங்கியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இறக்குமதிக் கொடுப்பனவு விதிகள் வர்த்தமானி மூலம் மாறுபவை.

இனிப் பொதிப் பட்டியல். நான் முதன்முதலில் எடுத்த 46 பெட்டிகளுக்கு விற்பனையாளர் ‘பலவகை எழுதுபொருட்கள்’ என்று ஒரே வரியில் எழுதி அனுப்பியிருந்தார். சரக்கு, பெட்டிகளைத் திறந்து சோதிக்கும் சிவப்பு வழியில் விழுந்தது. பண்டசாலைத் தரையில் 46 பெட்டிகளையும் வெட்டி, பேனை எத்தனை, பென்சில் எத்தனை என்று எண்ணி முடித்தபோது, நிறப் பென்சில்கள் உறையை விட்டு வெளியேறி ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. அவற்றை மறுபடி பன்னிரண்டு பன்னிரண்டாக அடுக்கி உறையிட ஆட்களுக்கு இரண்டு நாள் கூலி கொடுத்தேன். பிழை சுங்கத்தினுடையதன்று. எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று தாளில் எழுதியிராதபோது, திறந்து பார்ப்பதைத் தவிர அவர்களுக்கும் வழியில்லை.

ஆகவே ஒவ்வொரு பெட்டிக்கும் இலக்கம் இட்டு, அதே இலக்கத்தின் கீழ்ப் பொருள், எண்ணிக்கை, நிகர எடை, மொத்த எடை, பெட்டியின் அளவு ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். கூடவே, சுங்கத்துக்காகப் பொருட்களை வகைப்படுத்தும் சர்வதேச இலக்கமான எச்.எஸ். குறியீட்டையும் கேளுங்கள். வெற்று ஏ4 கடதாசி 4802, கடித உறை 4817, அப்பியாசக் கொப்பியும் பதிவேடும் 4820, குமிழ்முனைப் பேனை 9608, பென்சில் 9609, பிளாஸ்ரிக் கோப்பு 3926 என்று அவை பிரிகின்றன. ஸ்டேப்ளர் பின் 8305இல் வர, ஸ்டேப்ளர் இயந்திரமோ 8472இல் வருகிறது. இரண்டையும் ஒரே உறையில் போட்டு விற்பவர்கள் இதில் அடிக்கடி தடுமாறுவார்கள். இறக்குமதித் தீர்வையும் அதற்கு மேல் அறவிடப்படும் செஸ் வரியும் குறியீட்டுக்குக் குறியீடு வேறுபடுவதால், விற்பனையாளர் தரும் இலக்கத்தை அப்படியே நம்பாமல், அன்றைய இலங்கைத் தீர்வை அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறு வார்ஃப் கிளார்க்கிடம் கேளுங்கள். தீர்வை கணிக்கப்படுவது சி.ஐ.எஃப். பெறுமதியின் (பொருள் விலை, காப்புறுதி, கப்பற்கூலி மூன்றும் சேர்ந்த தொகையின்) மீது என்பதால், எஃப்.ஓ.பி. விலைக்கு (கப்பலில் ஏற்றித் தரும்வரையான விலைக்கு) வாங்கினாலும் கப்பற்கூலியும் காப்புறுதியும் கணக்கில் சேரும். 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாக உள்ள பெறுமதி சேர் வரியையும் அடக்க விலையில் மறந்துவிடாதீர்கள்.

சில பெட்டிகள் மட்டுமே வருவதானால் எல்.சி.எல். முறையில், பிறருடைய சரக்கோடு ஒரே கொள்கலனில் வரும். இங்கே கூலி, ஒரு கன மீற்றர் அல்லது 1,000 கிலோ, இவற்றில் எது கூடுதலோ அதன்படி அறவிடப்படும். 50 × 40 × 35 சென்ரிமீற்றர் அளவுள்ள பெட்டி 0.07 கன மீற்றர். அத்தகைய 30 கோப்புப் பெட்டிகள் 2.1 கன மீற்றர் ஆகும், எடை எவ்வளவு குறைந்தாலும் அந்த 2.1க்கே பணம். மாறாக, 20 கிலோ எடையுள்ள சிறிய பின் பெட்டிகள் ஐம்பது, அரைக் கன மீற்றரில் அடங்கினாலும், ஒரு தொன்னுக்கான கூலியை வாங்கிவிடும். இரண்டையும் ஒரே சரக்காக அனுப்பினால் மொத்தம் 2.6 கன மீற்றருக்கே கூலி; பின்னின் எடையைக் கோப்பின் இலேசு ஈடுசெய்யும். இந்தச் சிறு கணக்கைப் போடாமல் தனித்தனியே அனுப்பி நட்டப்பட்டவர்கள் உண்டு.

முழுக் கொள்கலன் எடுக்கும் அளவுக்குக் கடதாசி வாங்கினால் 20 அடியே பொருத்தம். 80 கிராம் ஏ4 தாள் ஒரு ரீம் ஏறத்தாழ 2.5 கிலோ, ஐந்து ரீம் பெட்டி 12.5 கிலோ, 1,600 பெட்டியிலேயே 20 தொன் ஆகிவிடும். 40 அடிக் கொள்கலனில் கடதாசியை ஏற்றினால், பாதிக்குச் சற்று மேலே நிரம்பும்போதே எடை எல்லையைத் தொட்டு, மிச்சத்துக்கு வெற்றிடக் கூலி கட்ட நேரும்.

எல்.சி.எல். கட்டண மதிப்பீட்டில் ஒரு சூது இருக்கிறது. சீனத் துறைமுகத்திலிருந்து கப்பற்கூலி ஏறக்குறைய இலவசம் என்று சொல்லும் சரக்கு முகவர், கொழும்பில் இறக்கும் கட்டணம், ஆவணக் கட்டணம், டெலிவரி ஓடர் (சரக்கை ஒப்படைக்கும் உத்தரவுச் சீட்டு) கட்டணம் என்று அதை மீட்டுக்கொள்வார். எனவே கொழும்புப் பக்கத்துக் கட்டணங்கள் அனைத்தையும் எழுத்தில் வாங்கிய பின்னரே இரு முகவர்களை ஒப்பிடுங்கள். சரக்கு 15 கன மீற்றரை நெருங்கினால், முழுக் கொள்கலனுக்கும் விலை கேட்டுப் பாருங்கள்.

கடதாசிக்கு ஈரம்தான் எமன். இரவில் குளிரும் கொள்கலன் கூரையில் உள்ளிருக்கும் ஈரம் துளியாகக் கட்டி மேல் வரிசைப் பெட்டிகளில் சொட்டும். அப்படி நனைந்து காய்ந்த ரீமைக் கையில் எடுத்தால் விளிம்பு மெல்லிய அலையாக வளைந்திருக்கும்; மேலோட்டமான பார்வைக்குக் குறையே தெரியாது, ஆனால் போட்டோகொப்பி இயந்திரத்தில் மூன்றாம் தாளிலேயே சிக்கும், வாடிக்கையாளர் பெட்டியோடு திருப்பி அனுப்புவார். ஈரமுறிஞ்சிப் பைகளைக் கொள்கலன் சுவரில் தொங்கவிடவும், பெட்டிகளைத் தட்டுப்பலகை மேல் அடுக்கிப் பிளாஸ்ரிக் தாளால் சுற்றவும், மேல் வரிசையில் கடதாசிக்குப் பதிலாகப் பிளாஸ்ரிக் பொருட்களை வைக்கவும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். தட்டுப்பலகை மரமானால், பூச்சி பரவாதிருக்க வெப்பப் பதம் செய்ததற்கான ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச முத்திரை அதில் இருக்க வேண்டும்.

திருத்தத் திரவம், கரைப்பான் கலந்த பசை, வெண்பலகை துடைக்கும் ஸ்ப்ரே ஆகியவை அபாயகரமான சரக்காக வகைப்படுத்தப்படலாம். பாதுகாப்புத் தரவுத் தாளை முகவருக்கு முன்கூட்டியே அனுப்பி அவர் ஒப்புதலைப் பெறுங்கள். அளவு சிறிதானால், இவற்றை உள்ளூரில் வாங்குவதே நிம்மதி.

தூத்துக்குடி வழியாகச் சிவகாசி நாட்குறிப்புகளையோ தமிழ்நாட்டுக் கடதாசியையோ எடுப்பவர்களுக்கு வேறொரு தலைவலி: கடல் தூரம் குறைவென்பதால் ஆவணங்களை முந்திக்கொண்டு கப்பல் வந்துவிடும். சரக்கை எடுக்கத் தேவையான கப்பல் ஆவணமான மூலப் பில் ஒஃப் லேடிங் வங்கி வழியாக வரும்வரை பண்டசாலை வாடகை ஏறும். பணம் தீர்த்த சரக்கானால், மூல ஆவணம் இல்லாமலே சரக்கை விடுவிக்கும் டெலெக்ஸ் ரிலீஸ் கேளுங்கள். இந்திய–இலங்கைச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின் கீழ் சலுகை பெறத்தக்க பொருளானால், உற்பத்தி மூலச் சான்றிதழும் கூடவே வர வேண்டும்.

கொள்கலன் லொறி புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களுக்குள் நுழையாது. ஆகவே சிறிய லொறிக்கு மாற்றவும், சுமை தூக்கும் நாட்டாமைமாருக்குக் கூலி பேசவும் முதல் நாளே ஒழுங்கு செய்யுங்கள். இறக்கும்போது நசுங்கிய, நனைந்த பெட்டிகளைப் படமெடுத்து, கையொப்பமிடும் பற்றுச்சீட்டிலேயே குறைபாட்டை எழுதுங்கள். வெளியில் தெரியாத சேதமானால், மூன்று நாட்களுக்குள் கப்பல் முகவருக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவித்து, அவர்களுடைய பரிசோதகர் வந்து பார்க்கும்வரை நனைந்த பெட்டிகளை அப்படியே வைத்திருங்கள்.