உங்களுக்கென்று ஒரு டார்ட்டன்: நிறமும் இழைக்கணக்கும்

டார்ட்டன் என்பது நிறப் பட்டைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடிக் கட்டம் போட்ட ஸ்காட்லாந்துக் கம்பளித் துணி. ஸ்காட்லாந்தின் ஃபால்கிர்க்கில், வெள்ளிக் காசுகள் நிறைந்த பானையின் வாயை அடைத்திருந்த ஒரு கம்பளித் துண்டு கிடைத்தது. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தத் துணியில் சாயமே கிடையாது. ஆட்டு ரோமத்தின் வெளிர் நிறமும் அடர் நிறமும் மட்டும் கட்டம் போட்டிருக்கின்றன. அதனால் உங்கள் முதல் டார்ட்டனுக்கு நிறைய நிறம் தேடி அலைய வேண்டாம். பல டார்ட்டன்கள் ஸ்காட்லாந்துக் குலங்களின் பெயரில் இருந்தாலும், உங்களுக்குக் குலப் பெயரும் வேண்டியதில்லை. தனி மனிதர் தனக்கென்றே ஒன்று வடிவமைக்கலாம்.

படி 1: நிறம்

மூன்று அல்லது நான்கு நிறம் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் உங்கள் வாழ்க்கையில் ஒரு காரணம் இருக்கட்டும். நான் இங்கே எடுப்பது நீலம், கருப்பு, பச்சை, வெள்ளை.

படி 2: நிறங்கள் சந்திக்கும் இடம்

டார்ட்டனின் உயிரே இங்குதான் இருக்கிறது. பாவிலும் (நெடுக்கு இழை) ஊடிலும் (குறுக்கு இழை) ஒரே வரிசையில் நிறங்கள் ஓடும். நீலப் பாவை நீல ஊடு கடந்தால் முழு நீலம். பச்சை ஊடு கடந்தால் இரண்டும் பாதிப் பாதி. ஊடு இழை இரண்டு பாவுக்கு மேலும் இரண்டுக்குக் கீழும் போய், அடுத்த வரிசையில் ஓர் இழை நகர்வதால், கிட்டத்தில் பார்த்தால் நீலமும் பச்சையும் மெல்லிய சாய்கோடுகளாகத் தெரியும். நாலடி தள்ளி நின்றால் அதுவே புதிய ஒரு நிறம்.

ஆக, நான்கு நிறம் எடுத்தால் துணியில் பத்து நிறம் வரும். ஆறு எடுத்தால் இருபத்தொன்று! என் முதல் வடிவத்தில் சிவப்பையும் பச்சையையும் சம அகலத்தில் வைத்தேன். அவை சந்தித்த கட்டமெல்லாம் சேற்றுப் பழுப்பாகிவிட்டது. அன்றிலிருந்து நிறங்களை இரண்டிரண்டாகக் கலந்து பார்த்த பிறகே எதையும் முடிவு செய்கிறேன்.

படி 3: இழைக்கணக்கு

ஒவ்வொரு நிறத்துக்கும் எத்தனை இழை என்று இப்படி எழுதுங்கள்:

நீலம் 24, கருப்பு 8, பச்சை 24, வெள்ளை 4

இரண்டு முனைகளும் திருப்பங்கள். வெள்ளை வரை போய், அதே வழியில் பச்சை, கருப்பு என்று திரும்பி நீலத்துக்கு வர வேண்டும். முனை நிறங்களைத் திரும்பும்போது மறுபடி எண்ணக் கூடாது. புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். கணக்கு: 24+8+24+4+24+8 = 92 இழை. இந்த ஒரு சுற்றுக்கு 'செட்' என்று பெயர்.

அங்குலத்துக்கு 40 இழை என்றால் செட் 2.3 அங்குலம். கழுத்துத் துண்டுக்குப் போதும், கில்ட்டுக்கு (ஸ்காட்லாந்து ஆண்கள் அணியும் மடிப்புப் பாவாடை) அது சிறியது. நீலம் 64, கருப்பு 20, பச்சை 64 என்று கூட்டினால் 236 இழை, ஏறத்தாழ 5.9 அங்குலம். வெள்ளையை 4லேயே விட்டுவிடுங்கள். அது மெலிந்திருந்தால்தான் பச்சைக்கு நடுவே பளிச்சென்று தெரியும்.

படி 4: வரைந்து பார்ப்பது

கட்டத்தாளில் வண்ணப் பென்சிலால் ஒரு செட் வரையுங்கள். சுவரில் ஒட்டிவிட்டு அறையின் மறுகோடிக்குப் போய்ப் பாருங்கள். கருநீலம் எடுத்திருந்தால் பக்கத்திலுள்ள கருப்போடு கரைந்துவிடும். ஸ்காட்லாந்தின் பிளாக் வாட்ச் படைப்பிரிவின் டார்ட்டன் தூரத்தில் ஒரே இருட்டாகத் தெரிவது அதனால்தான். அந்த அமைதி எனக்கு மிகவும் பிடிக்கும். உங்களுக்குக் கட்டம் தெளிவாக வேண்டுமென்றால் நீலத்தைக் கொஞ்சம் வெளிறச் செய்யுங்கள்.

படி 5: பதிவு

2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஸ்காட்லாந்து டார்ட்டன் பதிவேடு நடக்கிறது. படம், இழைக்கணக்கு, பெயர், அந்தப் பெயருக்கும் உங்களுக்கும் உள்ள தொடர்பு ஆகியவற்றைத் தர வேண்டும். ஏற்கெனவே பதிவான டார்ட்டன் போல இருக்கக் கூடாது. கட்டணம் உண்டு. பதிவு செய்வதால் காப்புரிமை கிடைத்துவிடாது, அது தனி விஷயம்.

நெய்யக் கொடுக்கும் முன் நெசவாலையிடம் கம்பளி நூல் மாதிரிகளைக் கேட்டு வாங்குங்கள். திரையில் பார்த்த பச்சையும் கம்பளியில் ஏறிய பச்சையும் ஒன்றாக இருக்காது. ஆனால் சாயம் அடர்ந்தாலும் வெளிறினாலும், நிற வரிசையும் இழைக்கணக்கும் மாறாதவரை அது உங்கள் டார்ட்டன்தான்.