ட்ரெயிலர் இழுக்கும்போது பிக்கப்பின் பின்பக்கம் பதியாமல் வைப்பது எப்படி?

ட்ரெயிலரைக் கொளுவியதும் பிக்கப்பின் பின்பக்கம் பதிந்து முன்பக்கம் நிமிர்ந்தால், பலரும் நேரே கராஜுக்குப் போய் "ஒரு பட்டை கூட்டிப் போடுங்கோ அண்ணை" என்றுதான் கேட்கிறார்கள். பட்டை என்பது பின் ஸ்பிரிங்கில் அடுக்கியிருக்கும் வளைந்த இரும்புத் தகடு. பட்டை கூட்டினால் பின்பக்கம் உயரும், அது உண்மை. ஆனால் முன் சில்லுகள் இழந்த பாரம் திரும்பி வராது. அதனால் ஸ்பிரிங்கில் கை வைக்க முதல், பாரத்தில் கை வையுங்கள்.

யாழ்ப்பாணத்தில் தீவுப்பக்கம் தண்ணி கொண்டு போகிறவர்களை எடுத்துக்கொள்வோம். 1000 லீற்றர் தாங்கி நிறைந்தால் தண்ணி மட்டும் 1000 கிலோ. ட்ரெயிலரும் தாங்கியும் 350 கிலோ என்று வைத்தால் மொத்தம் 1350 கிலோ. இதில் 150 கிலோ, ட்ரெயிலரைக் கொளுவும் பிக்கப்பின் கொக்கியில் அழுத்துகிறது என்போம். கொக்கி பின் அச்சுக்கு 1.2 மீற்றர் பின்னால் இருக்கிறது. முன், பின் அச்சுகளுக்கு இடைத்தூரம் 3 மீற்றர். இந்தக் கணக்கில் பின் அச்சில் ஏறுவது 150 அல்ல, 210 கிலோ. கூடுதலான அந்த 60 கிலோ முன் அச்சிலிருந்து தூக்கி எடுக்கப்படுகிறது. ஸ்டியரிங் இலேசாவதும், மழை வீதியில் பிரேக் பிடிக்கும்போது முன் சில்லு வழுக்குவதும், ஏ9 வீதியில் இரவில் எதிரே வருகிறவருக்குக் கண் கூசுவதும் இதனால்தான்.

முதலில் அளவெடுங்கள்

ஒரு அளவுநாடாவும் சோக்கட்டியும் போதும். சமதரையில் பிக்கப்பை நிறுத்தி, நான்கு சில்லுகளிலும் நிலத்திலிருந்து சில்லு நடு வழியாக மட்கார்ட் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். ட்ரெயிலரைப் பாரத்தோடு கொளுவி, அதே இடத்தில் மறுபடியும் அளவெடுங்கள். பின்பக்கம் எவ்வளவு இறங்கியது என்பதை எல்லோரும் பார்ப்பார்கள். முன்பக்கம் எவ்வளவு ஏறியது என்பதையும் பாருங்கள், ஆபத்தைச் சொல்வது அந்த அளவுதான். இடமும் வலமும் வித்தியாசமாக இறங்கினால் ஒரு பக்க ஸ்பிரிங்கில் பிழை இருக்கலாம், அல்லது பாரம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம்.

மூக்குப் பாரத்தை நிறுங்கள்

மாட்டு வண்டிலில் பாரம் ஏற்றிய பெரியவர்களுக்கு இது புதிதல்ல. முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து அழுந்தும், பின்பாரம் கூடினால் வண்டில் மேலே கிளம்பும். ட்ரெயிலரிலும் அதேதான். மூக்கில், அதாவது கொக்கியில் கொளுவும் ட்ரெயிலரின் முன்முனையில், அழுத்தும் பாரம் மொத்த நிறையில் 10 முதல் 15 சதவீதம் இருப்பது பொதுவான அளவு. நம் 1350 கிலோவுக்கு அது 135 இலிருந்து 200 கிலோ வரை. ஆனால் பிக்கப்பின் கைநூலிலும் கொக்கியிலுள்ள தகட்டிலும் போட்டிருக்கும் எல்லை இதைவிடக் குறைவாக இருந்தால், அதுதான் சட்டம்.

மீன் சந்தையிலோ வெங்காயக் கடையிலோ இருக்கும் மேடைத் தராசு கிடைத்தால் நேரடியாக நிறுக்கலாம். வீட்டில் ஆள் நிறுக்கும் சின்னத் தராசு மட்டும் இருந்தால் இப்படிச் செய்யுங்கள். ஒரு பலமான பலகையின் ஒரு முனையைக் கல்லில் வைத்த குழாயிலும், மறுமுனையைத் தராசில் வைத்த குழாயிலும் தாங்க விடுங்கள். இரண்டு குழாய்களுக்கும் இடைத்தூரம் 90 சென்ரிமீற்றர். கல் பக்கக் குழாயிலிருந்து 30 சென்ரிமீற்றரில் ஒரு மரக்குற்றியை நிறுத்தி, அதன்மேல் ட்ரெயிலர் மூக்கை இறக்குங்கள். தராசு காட்டுவதை மூன்றால் பெருக்கினால் மூக்குப் பாரம் வந்துவிடும். பலகையும் குற்றியும் தராசில் காட்டும் நிறையை முதலே கழிக்க மறக்க வேண்டாம். மூக்கு, கொக்கியில் நிற்கும் அதே உயரத்தில் இருக்க வேண்டும். ட்ரெயிலர் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வைத்துவிட்டுத்தான் இதைத் தொடங்க வேண்டும். ஜக்கைத் தளர்த்தும்போது மூக்குக்குக் கீழே கையோ காலோ இருக்கக் கூடாது.

பாரத்தை நகர்த்துங்கள்

பெரும்பாலான பிரச்சினை இங்கேயே முடிந்துவிடும். கொக்கிக்கும் ட்ரெயிலர் அச்சுக்கும் இடையே 3 மீற்றர் என்றால், 1000 கிலோத் தாங்கியை 10 சென்ரிமீற்றர் பின்னுக்குத் தள்ளினாலே மூக்குப் பாரம் ஏறக்குறைய 33 கிலோ குறையும். அதற்காக ஒரேயடியாகப் பின்னுக்குத் தள்ளிவிட வேண்டாம். 10 சதவீதத்துக்குக் கீழே போனால் ட்ரெயிலர் பாம்பாட்டம் ஆடத் தொடங்கலாம். தீவுப்பக்கம் போகும் பண்ணைப் பாலத்தில் பலத்த காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது அந்த ஆட்டத்தைப் பிடித்து நிறுத்துவது மிகக் கஷ்டம். பின்பக்கம் பதிவதைவிட இது பெரிய ஆபத்து. பாதித் தாங்கித் தண்ணியும் கூடாது. அலைந்து அலைந்து மூக்குப் பாரத்தை மாற்றிக்கொண்டே இருக்கும்.

பிக்கப் பெட்டிக்குள் இருப்பதையும் பாருங்கள். ஜெனரேற்றர், படகு எஞ்சின், வெங்காய மூட்டை எல்லாம் இறக்க வசதியாகப் பின்கதவோடு வைத்திருப்பார்கள். பின் அச்சுக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு கிலோவும் முன்பக்கத்தைத் தூக்கும். எல்லாவற்றையும் கபினோடு ஒட்டி வைத்துக் கட்டுங்கள்.

ரயர், ஸ்பிரிங், கொக்கி உயரம்

ரயர் காற்று, சாரதிக் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் பாரத்துக்கென்று போட்டிருக்கும் அளவில் இருக்கட்டும்.

ஸ்பிரிங்கைப் பார்க்கக் கொஞ்சம் நேரம் எடுங்கள். நம் கடற்காற்றில் பட்டைகளுக்கு இடையே உப்பும் துருவும் சேரும். வெறும் வண்டியிலேயே பட்டை நேராகவோ எதிர்ப்பக்கம் வளைந்தோ நின்றால் அது தளர்ந்துவிட்டது. ரோச் அடித்து ஒவ்வொரு பட்டையின் ஓரத்தையும் தடவிப் பாருங்கள். மெல்லிய துருக்கோடு குறுக்கே ஓடினால் வெடிப்பாக இருக்கலாம், கராஜில் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நடு ஆணி, ஸ்பிரிங்கை அச்சோடு பிடிக்கும் யூ போல்ட், தொங்கட்டத்து ரப்பர் புஷ் எல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும். தளர்ந்த பட்டைக்கு மேல் புதுப் பட்டை கூட்டுவதைவிட, ஸ்பிரிங் கட்டு முழுவதையும் மாற்றுவதே என் விருப்பம்.

கொளுவிய பிறகு ட்ரெயிலர் மட்டமாகவோ, மூக்கு இலேசாகத் தாழ்ந்தோ நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கொக்கி பொருத்தும் இரும்பை உயரம் மாற்றிப் போடுங்கள்.

பிறகும் பதிந்தால்

இப்போதுதான் துணைக்கு ஆள் தேட வேண்டும். மேலதிகப் பட்டை மலிவு, ஆனால் வெறும் வண்டி எப்போதும் தூக்கிப் போடும். வாரத்தில் பல நாள் பாரம் இழுப்பவருக்கு அது சரி.

எப்போதாவது இழுப்பவருக்குக் காற்றுப் பை நல்லது, பாரத்துக்கு ஏற்பக் காற்றைக் கூட்டிக் குறைக்கலாம். ஹைலக்ஸ் போலப் பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டியில் பை அச்சுக்கும் சசிக்கும் (வண்டியின் அடிச்சட்டத்துக்கும்) நடுவே வரும். சுருள் ஸ்பிரிங் உள்ள வண்டிகளில் சுருளுக்கு உள்ளே போகும். ஒன்றைக் கவனியுங்கள். பட்டை ஸ்பிரிங் பாரத்தைச் சசியில் இரண்டு இடத்தில் பகிர்ந்து கொடுக்கும். பை அதை ஒரே இடத்தில் குவிக்கும். காற்றை இறுக்கி, பாரத்தையும் கூட்டி, குழி வீதியில் ஓடினால் சசி வளைந்துவிடலாம். எந்த உதிரிப்பாகமும் கம்பனி போட்ட நிறை எல்லையைக் கூட்டாது. ஷொக் அப்சோபர் பாரம் தாங்காது, ஆட்டத்தைத்தான் அடக்கும், ஆகவே அதை மாற்றி உயரம் எதிர்பார்க்க வேண்டாம்.

இந்தத் துணைப் பாகங்களில் முன் அச்சுக்குப் பாரத்தைத் திருப்பிக் கொடுப்பது பாரம் பகிரும் கொக்கி மட்டுமே. அதன் இரண்டு ஸ்பிரிங் கம்பிகள் மூக்குப் பாரத்தில் ஒரு பங்கை முன் அச்சுக்கும் ட்ரெயிலர் அச்சுக்கும் தள்ளும். ட்ரெயிலர் சட்டமும் பிரேக்கும் அதற்குப் பொருந்துமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எது செய்தாலும் மறுபடி அளவுநாடாவை எடுங்கள். முன்பக்க அளவு பழைய இடத்துக்குக் கிட்ட வந்திருக்க வேண்டும். பின்பக்கம் மட்டும் உயர்ந்து முன்பக்கம் அப்படியே நின்றால் மூக்குப் பாரம் இன்னும் கூட என்று அர்த்தம். இரவில் ஒரு மதிலுக்கு எதிரே நிறுத்தி லைற் உயரத்தையும் பாருங்கள். டாஷ்போர்ட்டில் லைற் சரிசெய்யும் சக்கரம் இருந்தால், பெரிய எண்ணுக்குத் திருப்பினால் வெளிச்சம் கீழே இறங்கும். ஸ்பிரிங் வேலை செய்திருந்தால் சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் யூ போல்ட் நட்டுகளை மறுபடி இறுக்குவியுங்கள். காற்றுப் பை போட்டவர்கள் ட்ரெயிலரைக் கழற்றியதும் காற்றைக் குறையுங்கள், ஆனால் முழுதாக வெறுமையாக்காமல், பையோடு வந்த தாளில் சொல்லியிருக்கும் குறைந்தபட்ச அளவில் நிறுத்துங்கள்.