கணைய நொதிக் குறைபாடு: உணவு ஆலோசனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயிற்சிக்கு வந்த உணவியல் மாணவி ஒருவர், கணையம் பழுதடைந்த நோயாளிக்கான குறிப்பில் ‘கொழுப்பைத் தவிர்க்கவும்’ என்று சிவப்பு மையில் எழுதி, அடியில் இரண்டு கோடுகளும் இழுத்திருந்தார். நானும் ஒரு காலத்தில் அதே வரியை எழுதிக் கொடுத்தவன்தான்.

கொழுப்பை வெட்டுவது

கணைய நொதிகள் குறையும்போது கொழுப்பின் செரிமானமே முதலில் அடிபடுகிறது. மலம் வெளிறி, கடும் நாற்றத்துடன், எண்ணெய்ப் பசையாகக் கழிப்பறைக் கோப்பையில் ஒட்டிக்கொள்கிறது. கொழுப்பை நிறுத்தினால் இந்தத் தொல்லை அடங்கிவிடும் என்பதால்தான் எல்லோரும் இத்தவற்றில் விழுகிறார்கள். நாள்பட்ட கணைய அழற்சியுள்ள ஒருவர், என் பட்டியலைப் பின்பற்றியதும் மலம் சீராகிவிட்டதாக மகிழ்ச்சியோடு சொன்னார். அவர் இடுப்புவாரில் ஆணியால் குத்திய புதுத் துளையைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. பொழுது சாய்ந்தால் படிக்கட்டு தெரிவதில்லை என்று அவர் அடுத்த முறை சொன்ன பிறகே பரிசோதித்தோம்; வைட்டமின் ஏ வெகுவாகக் குறைந்திருந்தது.

ஏ, டி, இ, கே ஆகிய நான்கு வைட்டமின்களும் கொழுப்போடு சேர்ந்தே குடலில் உறிஞ்சப்படுகின்றன. செரிக்காத கொழுப்போடு ஏற்கெனவே வெளியேறிக்கொண்டிருந்தவற்றை நான் தட்டிலிருந்தும் எடுத்துவிட்டேன். அந்தக் கொழுப்பைச் செரிக்க நொதியைக் கொடுப்பதுதான் சிகிச்சை: பெரியவர்களுக்கு ஒரு வேளை முழு உணவுக்கு 40,000 முதல் 50,000 அலகு லைப்பேஸ் (கொழுப்பைச் செரிக்கும் நொதி), சிற்றுணவுக்கு அதில் பாதி என்று பொதுவாகத் தொடங்கி, தேவைக்கேற்ப மருத்துவர் உயர்த்துவார். இவ்வளவு தெளிவாகிவிட்ட பின்னும் பழைய பட்டியலையே நகலெடுத்துக் கொடுப்பவர்களைக் கண்டால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது.

நொதிக் கேப்சூலை உணவு முடிந்தபின் விழுங்குவது

நொதி உணவோடு கலந்தாக வேண்டும். முதல் கவளத்தோடு ஒரு பகுதியையும், இடையில் மீதியையும் மெல்லாமல் விழுங்க வேண்டும்.

வைட்டமின் மாத்திரையை வெறும் வயிற்றில் போடுவது

கூடவே கொழுப்பும் நொதியும் இல்லாவிட்டால் பெரும்பகுதி வீண்.

பி12-ஐ மறப்பது

இது கொழுப்பில் கரைவதன்று என்பதால் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் பி12-ஐப் பற்றிக்கொண்டிருக்கும் உமிழ்நீர்ப் புரதத்தைக் கணைய நொதி சிதைத்தால்தான் அது விடுபட்டு, உறிஞ்சப்படும் நிலைக்கு வரும்.

மலத்தை மட்டும் கேட்பது

கணையச் சுரப்பில் ஏறத்தாழ 90 சதவீதம் இழந்த பிறகே எண்ணெய் மலம் கண்ணுக்குத் தெரிகிறது. வைட்டமின்கள் அதற்கு முன்பே குறைந்திருக்கலாம். ஆகவே ஒவ்வொரு சந்திப்பிலும் எடையைப் பாருங்கள், ஆண்டுதோறும் இரத்தத்தில் வைட்டமின் அளவுகளைக் கேளுங்கள், எலும்பு அடர்த்திப் பரிசோதனையையும் மருத்துவருக்கு நினைவூட்டுங்கள்.