நுரையீரல் சிடி ஸ்கேன்: எடுக்கும் முன்னும் எடுத்த பின்னும் நடக்கும் தவறுகள்

"எக்ஸ்ரே எடுத்தாச்சு, நெஞ்சு சுத்தமா இருக்காம்." மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்துப் பட்டணங்களில், ஐம்பதைத் தாண்டிய புகைப்பிடிப்பவர்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தை இது. காசநோய்ச் சந்தேகத்தில் எப்போதோ எடுத்த படத்தை நம்பி, நுரையீரல் புற்றுநோய் இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். எக்ஸ்ரே தட்டையான நிழற்படம். விலா எலும்புக்கோ இதயத்துக்கோ பின்னால் ஒரு சென்டிமீட்டர் கட்டி ஒளிந்திருந்தால் அதில் தெரியாமலே போகலாம். அமெரிக்காவில் ஏறக்குறைய 1,55,000 பேரிடம் நடந்த பிஎல்சிஓ ஆய்வின் முடிவு 2011-இல் வந்தது. ஆண்டுதோறும் எக்ஸ்ரே எடுத்தும் நுரையீரல் புற்றுநோய் மரணம் குறையவில்லை. அதே ஆண்டில் வெளியான என்எல்எஸ்டி ஆய்வில், நீண்டகாலம் நிறையப் புகைத்த 53,454 பேரில், எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட லோ டோஸ் சிடி (குறைந்த கதிர்வீச்சில் எடுக்கும் சிடி ஸ்கேன்) எடுத்தவர்களிடையே அந்த மரணம் 20 விழுக்காடு குறைந்தது.

தனியார் மருத்துவமனைப் பரிசோதனைப் பொதிகளில் வரும் 'கேன்சர் மார்க்கர்' இரத்தப் பரிசோதனையும் இதற்கு மாற்று இல்லை. அதில் பார்க்கும் சிஇஏ என்ற புரதத்தின் அளவு இயல்பாக இருந்தும் நுரையீரலில் கட்டி இருக்கலாம். புகைப்பவர்களுக்குக் கட்டியே இல்லாமல் அது கூடியும் இருக்கலாம். குறைந்த வருமானத்தினருக்கான அரசின் பெக்கா பி40 உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தில் இரத்தம், சிறுநீர் எல்லாம் பார்ப்பார்கள், சிடி அதில் கிடையாது. "பெக்கா பண்ணியாச்சு" என்றால் நுரையீரலைப் பார்த்தாச்சு என்று அர்த்தமில்லை.

கணக்கில் வரும் பிழை

யார் எடுக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு நாளைக்குப் பிடிக்கும் சிகரெட்டை 20-ஆல் வகுத்து, பிடித்த வருடங்களால் பெருக்கினால் வருவது 'பேக் வருடம்'. அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2021-இல் வகுத்த அளவுகோல்: வயது 50 முதல் 80, குறைந்தது 20 பேக் வருடம், இப்போதும் புகைப்பவர் அல்லது விட்டு 15 ஆண்டுக்குள் இருப்பவர்.

இங்கே இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். "நான் அரை பாக்கெட்தானே" என்று தன்னைத் தானே கழித்துக்கொள்வது ஒன்று. தினம் 10 சிகரெட், 40 வருடம் என்றாலே 20 பேக் வருடம் வந்துவிடும். இன்றைய அளவை மட்டும் வைத்துக் கணக்கிடுவது இன்னொன்று. செம்பனைக் குலை வெட்டிய காலத்தில் 12 வருடம் பத்துப் பத்தாகப் பிடித்து, பிறகு 28 வருடம் ஒரு பாக்கெட்டாகி, இப்போது ஐந்துக்கு இறங்கியவர், 6-உம் 28-உம் சேர்த்து 34 என்று சொல்ல வேண்டும். இடையில் முழுதாக விட்டிருந்த வருடங்களைக் கழிக்கலாம். பீடி, சுருட்டு, இலைச் சுருள் எல்லாம் இந்தக் கணக்கில் சரியாக உட்காராது. எத்தனை, எத்தனை வருடம் என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது. மனைவி பக்கத்தில் இருப்பதால் பாதியாகக் குறைத்துச் சொல்பவர்கள் தனியாக உள்ளே போவது உத்தமம்.

வெற்றிலையோடு புகையிலை மெல்லுபவர்களுக்கு இந்த ஸ்கேன் உதவாது. அவர்கள் காட்ட வேண்டியது வாயை, பல் மருத்துவரிடம்.

புகைக்காத பெண்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் வருகிறது, ஆசியாவில் அது அரிதும் அல்ல. தைவான் 2022 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தில், பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகளில் யாருக்காவது இந்நோய் இருந்தவர்களையும் சேர்த்திருக்கிறது. குடும்பத்தில் அப்படி யாராவது இருந்தால், புகைப்பதில்லை என்பதற்காகப் பேசாமல் இருக்க வேண்டாம், டாக்டரிடம் கேளுங்கள். ஆனால் முப்பத்தைந்து வயதில், குடும்ப வரலாறும் இல்லாமல், சலுகை விலை என்பதற்காக ஆண்டுதோறும் போய்ப் படுப்பது வீண். ஒரு லோ டோஸ் சிடியின் கதிர்வீச்சு ஏறக்குறைய 1.5 மில்லிசீவர்ட். இயற்கையாகவே உலக மக்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 கிடைக்கிறது. பயப்படும் அளவு இல்லைதான், ஆனால் பலனில்லாத இடத்தில் அதை ஏன் வாங்க வேண்டும்?

எண்பதைத் தாண்டிய தாத்தாவை, பிள்ளைகள் பாசத்தில் அழைத்துப் போவதும் உண்டு. கட்டி தெரிந்தாலும் அறுவை சிகிச்சை தாங்காத உடம்பு என்றால், ஸ்கேன் அவருக்குத் தருவது கவலை மட்டும்.

அறிகுறி வந்த பிறகு 'ஸ்கிரீனிங்'

இதுதான் ஆபத்தான தவறு. சளியில் இரத்தம், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், காரணமில்லாமல் எடை குறைவது, குரல் கம்மிப்போவது இவற்றில் ஒன்று இருந்தால், ஸ்கிரீனிங்குக்குப் பணம் சேர்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. உடனே அரசு கிளினிக்குக்குப் போக வேண்டும். அங்கே எக்ஸ்ரேயும், காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் நடக்கும். தேவைப்பட்டால் பெரிய மருத்துவமனைக்கு சூராட் ருஜுக்கான் (பரிந்துரைக் கடிதம்) எழுதிக் கொடுப்பார்கள். லோ டோஸ் சிடி, நோயின் அறிகுறி எதுவும் இல்லாதவருக்கானது.

நேர்மாறான தவறும் உண்டு: நிமோனியாவுக்கு மாத்திரை முடித்த கையோடு ஸ்கேனுக்குப் போவது. ஆறாத அழற்சி படத்தில் கட்டி மாதிரியே தெரியும். அப்படித் தெரிந்தால் 1 முதல் 3 மாதத்தில் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். இரட்டைச் செலவு, நடுவில் தூக்கமில்லாத இரவுகள்.

ஸ்கேன் அன்று

பட்டினி வேண்டாம், ஊசி கிடையாது. அதனால் இனிப்பு நீர் உள்ளவர்கள் காலைச் சாப்பாட்டையும் மாத்திரையையும் விட்டுவிட்டுப் போய் மயங்கி விழத் தேவையில்லை. மல்லாந்து படுத்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்க வேண்டும். தோள்வலி இருந்தால் முன்பே சொல்லுங்கள். "தாரிக் நாஃபாஸ், தாஹான்" என்று குரல் வரும்: மூச்சை நன்றாக இழுத்து, அப்படியே நிறுத்த வேண்டும். பத்து வினாடிக்கு உட்பட்ட வேலைதான். மலாய் பிடிபடாத பாட்டிக்கு வீட்டிலேயே மூன்று முறை பழக்கிவிட வேண்டும். நடுவில் மூச்சு விட்டால் படம் மங்கி, சிறிய முடிச்சுகள் அதில் கரைந்துபோகும்.

உலோகம் படத்தில் கோடு கோடாக விழும். சங்கிலி, கொக்கி வைத்த உள்ளாடை இரண்டையும் கழற்ற வேண்டும். தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் முதல் நாளே மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு போகலாம், அங்கே போய் வாக்குவாதம் செய்வதைவிட அது எளிது.

பழைய எக்ஸ்ரே, பழைய சிடி, காசநோய் சிகிச்சை எடுத்த ஆண்டு இவை கையில் இருக்கட்டும். காசநோய் விட்டுப்போன வடு நுரையீரலில் முடிச்சாகத் தெரியும். ஐந்து வருடத்துக்கு முந்தைய படத்திலும் அதே இடத்தில் அதே அளவில் இருந்தால், பெரும்பாலும் விசாரணை அங்கேயே முடிந்துவிடும். பழைய படம் இல்லாதவர் இன்னொரு ஸ்கேனுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

'நோடியூல்' என்ற சொல்லைப் பார்த்ததும்

நோடியூல் என்றால் முடிச்சு. ரிப்போர்ட்டில் இந்தச் சொல் வந்ததும் பாதிப் பேர் காரியம் முடிந்தது என்று உட்கார்ந்துவிடுகிறார்கள், மீதிப் பேர் ரிப்போர்ட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். என்எல்எஸ்டி ஆய்வில் ஏறத்தாழ நான்கில் ஒரு சிடி 'சந்தேகம்' என்று வந்தது. அவற்றில் 96 விழுக்காடு புற்றுநோய் அல்ல. அதன் பிறகு வந்த லங்-ராட்ஸ் என்னும் வகைப்பாட்டில், முதல் ஸ்கேனில் 6 மில்லிமீட்டருக்குக் குறைந்த திட முடிச்சு 2-ஆம் வகை: அடுத்த ஸ்கேன் ஒரு வருடம் கழித்து. 6 முதல் 8-க்குள் இருந்தால் 3-ஆம் வகை, ஆறு மாதத்தில். 8 முதல் 15-க்குள் 4ஏ, மூன்று மாதத்தில். அதற்கு மேல் என்றால் பெட் ஸ்கேனோ திசுப் பரிசோதனையோ தேவைப்படலாம், நெஞ்சு நிபுணரைத் தாமதிக்காமல் பார்க்க வேண்டும்.

"ஆறு மாதம் கழித்து வாங்க" என்பது தட்டிக்கழிப்பு அல்ல. வளர்கிறதா என்று பார்ப்பதே அந்தப் பரிசோதனை. 6 மில்லிமீட்டர் முடிச்சு 7.5 ஆனால் கூடியது ஒன்றரை மில்லிமீட்டர்தான், ஆனால் கன அளவில் அது கிட்டத்தட்ட இரட்டிப்பு. அந்த ஆறு மாதத் தேதியைத் தீபாவளிச் செலவுக்காகத் தள்ளிப்போடுபவர்கள்தான் மூன்றாம் நான்காம் கட்டத்தில் வந்து நிற்கிறார்கள்.

ரிப்போர்ட்டின் கடைசி வரிகளையும் படிக்க வேண்டும். இதய இரத்தக்குழாயில் சுண்ணாம்புப் படிவு என்று எழுதியிருந்தால், அதை இனிப்பு நீருக்கும் கொழுப்புக்கும் பார்க்கும் டாக்டரிடம் காட்டுங்கள். நுரையீரல் சுத்தம் என்ற மகிழ்ச்சியில் இது அடிக்கடி விடுபடுகிறது.

ஒரு தடவை எடுத்தால் போதுமா?

போதாது. இந்த ஆண்டு சுத்தம் என்பது இந்த ஆண்டுக்கு மட்டும். அளவுகோலுக்குள் இருக்கும்வரை ஆண்டுக்கு ஒரு முறை எடுக்க வேண்டும். அந்தச் சீட்டைக் காட்டி இன்னும் ஒரு பாக்கெட் வாங்குபவர்களுக்கு ஸ்கேன் நன்மையைவிடத் தீமையே செய்கிறது. சிகரெட்டை விட்டு வேப்புக்கு (மின்சிகரெட்டுக்கு) மாறியதால் பழைய பேக் வருடமும் அழிந்துவிடாது. அரசு கிளினிக்குகளில் நடக்கும் எம்குவிட் சேவையில் புகையை விடுவதற்கு ஆலோசனையும் மருந்தும் கிடைக்கும். ஸ்கேனுக்குத் தேதி வாங்கும்போதே அதற்கும் பெயர் கொடுத்துவிடலாம்.

வெளியே வரும்போது ரிப்போர்ட்டோடு படம் உள்ள குறுந்தட்டையும் கேட்டு வாங்குங்கள். கேட்டால்தான் கிடைக்கும் இடங்கள் உண்டு. உறையின் மேல் தேதி, மருத்துவமனை, முடிச்சின் அளவு மூன்றையும் பேனாவால் எழுதி, பிறப்புப் பத்திரம் வைக்கும் அதே கோப்பில் வையுங்கள்.