குரலுக்கு மார்க் போடும் முன் காதைச் சோதியுங்கள்

நோயாளியின் குரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காதால் கேட்டு மார்க் போடுவதும் ஸ்பீச் தெரபிஸ்டின் வேலை. இந்த வேலைக்கு வரும் ஜூனியர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: உங்கள் காதை அப்படியே நம்பிவிடாதீர்கள். சிகிச்சைக்கு வந்த ஒரே டீச்சரம்மா இழுத்துச் சொன்ன ஒரே 'ஆ'வைக் கேட்டு நான் "கரகரப்பு 2" என்பேன், பக்கத்தில் இருப்பவர் "1" என்பார். சர்வீஸ் கூடினால் இது சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம்.

அளவுகோல் எதுவானாலும் சரி. ஜப்பானில் உருவாகி, 1981-இல் குரல் மருத்துவர் ஹிரானோவின் புத்தகத்தால் பரவிய கிர்பாஸ் (GRBAS) அளவுகோலில் ஐந்து அம்சங்கள்: மொத்தப் பாதிப்பு, கரகரப்பு, காற்றுக் கசிவு, சோர்வு, இறுக்கம். ஒவ்வொன்றுக்கும் 0 (பாதிப்பு இல்லை) முதல் 3 (கடுமை) வரை மதிப்பு. அமெரிக்கர்களின் கேப்-வி (CAPE-V) அளவுகோலில், எண்ணுக்குப் பதில் 100 மில்லிமீட்டர் கோட்டில் பாதிப்புக்கு ஏற்ற இடத்தில் குறி போட வேண்டும். எதை எடுத்தாலும் பாடு நடுவில்தான். நல்ல குரலிலும் படுமோசமான குரலிலும் எல்லோரும் ஒத்துப்போவார்கள். இடைப்பட்ட குரல் வந்தால்தான் ஆளுக்கொரு எண்.

காரணம், நாம் மனசுக்குள் வைத்திருக்கும் மாதிரிக் குரல் நிலையாக நிற்பதில்லை. குரல் ஆய்வாளர்கள் ஜோடி கிரைமனும் புரூஸ் ஜெராட்டும் 1990-களிலேயே இதை அழுத்திச் சொன்னார்கள். லட்டு தின்ற வாய்க்குக் காபியில் சர்க்கரை குறைந்தது போலத் தெரியுமே, அதுபோல மோசமான குரலுக்கு அடுத்து வரும் சுமாரான குரல் தேறிவிடும்.

அதனால் மாதிரியை வெளியே வையுங்கள். நோயாளிகளின் சம்மதத்தோடு பதிவுசெய்த குரல்களிலிருந்து கரகரப்புக்கு 0, 1, 2, 3 என ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆடியோவைக் குழுவாக உட்கார்ந்து தேர்ந்தெடுங்கள். காற்றுக் கசிவுக்கும் அப்படியே. மார்க் போட உட்காரும்போதெல்லாம் முதலில் இவற்றைக் கேளுங்கள். நடுவில் சந்தேகம் வந்தாலும் திரும்பக் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பதிவும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஹெட்செட் மைக் வாயிலிருந்து 4 செ.மீ. தள்ளி, நேர் எதிரே இல்லாமல் 45 டிகிரி பக்கவாட்டில் இருக்க வேண்டும். நேராக வைத்தால் மூச்சுக்காற்று மோதி, இல்லாத காற்றுக் கசிவு கேட்கும். 'ஆ', 'ஈ' இரண்டையும் மூன்று முதல் ஐந்து விநாடி இழுக்கச் சொல்லுங்கள். அப்புறம் வாக்கியங்கள், கொஞ்சம் சாதாரணப் பேச்சு. 'ஆ'வுக்கு ஒரு மார்க்கும் பேச்சுக்கு வேறு மார்க்கும் வரலாம். எதற்குப் போட்டது என்று எழுதிவையுங்கள்.

மார்க் போடும்போது கேஸ் ஷீட்டை மூடிவிடுங்கள். "குரல்நாணில் முடிச்சு" என்று ஈஎன்டி டாக்டர் எழுதியதைப் படித்த பிறகு கரகரப்பு கூடுதலாகத்தான் கேட்கும். பேசிவைத்துக்கொள்ளாமல் தனித்தனியாகப் போடுங்கள். ஐந்தில் ஒரு பங்கு ஆடியோவை வேறு பெயரில் திரும்பச் சேருங்கள். உங்களுக்கு நீங்களே ஒத்துப்போகிறீர்களா என்பது அப்போதுதான் தெரியும்.

இருவரின் மார்க் மாறுபட்டால் உடனே சராசரி எடுக்காதீர்கள். மாதிரியை மறுபடி போட்டு, இந்தக் குரல் 1-க்குப் பக்கமா 2-க்குப் பக்கமா என்று ஒப்பிடுங்கள். சோர்வும் இறுக்கமும் இதற்கும் மசியாது. பெரும்பாலும் அந்த இரண்டில்தான் இழுபறி. நோயாளி கழுத்து நரம்பு புடைக்கப் பேசுவதைப் பார்த்தவருக்கும் ஆடியோ மட்டும் கேட்டவருக்கும் ஒரே இறுக்கம் கேட்காது. அவற்றை மட்டும் நம்பித் தெரபியை நிறுத்துவதோ நீட்டிப்பதோ வேண்டாம்.

தெரபிக்கு முன், பின் என்று ஒப்பிடும்போது பெயரையும் தேதியையும் மறைத்து, கலைத்துப்போடும் வேலையை வேறொருவரிடம் கொடுங்கள். தெரபி கொடுத்தவரின் காதுக்கு முன்னேற்றம் கொஞ்சம் அதிகமாகவே கேட்கும்.