இடமாற்றக் காலத்தில் தியானம் கைகொடுத்த விதம்

வீடு கல்லடியிலும் வேலை கல்முனையிலுமாக இடமாற்றம் வந்தபோது, உறக்கம் கெட்டு, விடியும் முன்பே நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. வைத்தியரிடம் காட்டி, இதயத்தில் கோளாறில்லை என்று உறுதிசெய்த பின்னரே தியானத்தைத் தொடங்கினேன். அந்த ஒழுங்கை எவரும் மாற்றக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

வீட்டார் எழும்புமுன் பாயில் நிமிர்ந்து அமர்ந்து, உள்மூச்சைவிட வெளிமூச்சைச் சற்று நீட்டினேன். வெளிமூச்சு நீளும்போது மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்புத் தணிவதால், உடலே முதலில் அமைதியடைகிறது. மனம் மேலதிகாரியின் முகத்துக்கோ தவறவிட்ட பஸ்ஸுக்கோ ஓடும்போது அதை அதட்டாமல், ஓடியதைக் கவனித்து, நாசியில் படும் குளிர்ந்த காற்றுக்கு மீண்டும் அழைத்து வருவதே உண்மையான பயிற்சி. மனம் அலையவே கூடாது என்பதில்லை. 1979இல் அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் கபாட்-சின் தொடங்கிய, மன அழுத்தத்தைக் குறைக்கும் எட்டு வாரப் பயிற்சிக்கும் இந்தக் கவனிப்பே அடித்தளம். பலன் தெரியச் சில வாரங்கள் பொறுக்கத்தான் வேண்டும்.

இடமாற்றம் ரத்தாகவில்லை, வேலைப்பளுவும் குறையவில்லை. ஆயினும் உறக்கம் திரும்பியது. களுவாஞ்சிக்குடியில் பஸ் நெரிசலில் நிற்கையில் அலுவலகத்திலிருந்து அவசர அழைப்பு வந்தாலும், ஒரு நீண்ட மூச்சை விட்டபின் நிதானமாகப் பதில் சொல்ல முடிகிறது.