வலிப்புள்ள குழந்தைக்குச் சோற்றை நிறுத்தும் முன்: கீட்டோ உணவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சோற்றை நிறுத்திவிட்டு மீனைக் கூட்டிக் கொடுத்தால் குழந்தைக்கு வலிப்பு நின்றுவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நம் இராமநாதபுரக் கடற்கரையில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை ஏதேனும் ஒரு வீட்டில் நாளைக் காலையே தொடங்க நினைக்கும் தாய்க்காக இதை எழுதுகிறேன். கேட்டது முழுப் பொய்யன்று. மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோஜெனிக் உணவுமுறைக்கு, 1921-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர் அந்தப் பெயரைச் சூட்டினார். 2008-இல் வெளியான இலண்டன் ஆய்வொன்றில், இந்த உணவைத் தொடங்கிய குழந்தைகளுள் 38 சதவீதத்தினருக்கு மூன்று மாதத்தில் வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. உணவை மாற்றாதவர்களுள் அவ்வாறு குறைந்தது 6 சதவீதத்தினருக்கே. ஆனால் அந்தக் குழந்தைகள் மருத்துவர், உணவியல் வல்லுநர் இருவரின் கண்காணிப்பில் இருந்தார்கள்.

பரிசோதனையின்றித் தொடங்குவதே எல்லாவற்றிலும் பெரிய தவறு. பிறவியிலேயே கொழுப்பை எரித்து ஆற்றலாக்க முடியாத உடல்வாகு சில குழந்தைகளுக்கு உண்டு. அவர்களுக்கு இந்த உணவு உயிருக்கே ஆபத்தாகலாம். பார்வைக்கு அது தெரியாது, இரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு அடங்காதபோதுதான் பெரும்பாலும் இந்த முறையை எண்ணிப் பார்க்கிறார்கள். உணவு தொடங்கியதும் மாத்திரையை நிறுத்திவிடுவதும் கூடாது. திடீரென நிறுத்தினால் இடைவிடாத வலிப்பு வரக்கூடும்.

இனி மீனுக்கு வருவோம். மீனில் மாவுச்சத்து இல்லை என்பது சரியே. ஆயினும் மூல கீட்டோஜெனிக் முறையில், புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து ஒரு கிராம் என்றால் கொழுப்பு நான்கு கிராம் இருக்க வேண்டும். சில குழந்தைகளுக்கு மூன்று கிராம். ஆகவே சீலா மீனும் பாறை மீனும் வயிறு நிறையக் கொடுத்தால், மிகுதிப் புரதத்தின் ஒரு பகுதியை உடல் சர்க்கரையாக மாற்றிக்கொள்ள, கொழுப்பை எரிக்கும்போது உடலில் கீட்டோன் என்னும் பொருள் உண்டாகி வலிப்பைத் தணிக்கும் நிலை குலைந்துவிடுகிறது. தேங்காய் எண்ணெயும் நெய்யும்தான் இங்கே முதன்மை உணவு, மீன் துணைதான் என்பதை நம் வீடுகள் ஏற்றுக்கொள்ளச் சிறிது காலம் பிடிக்கும். இதன் சற்றுத் தளர்வான வகையான மாற்றியமைத்த அட்கின்ஸ் முறை புரதத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆனால் அதிலும் ஒரு நாளைய மாவுச்சத்து பெரும்பாலும் 10 முதல் 20 கிராம்தான். நூறு கிராம் சோற்றிலேயே 28 கிராம் அளவுக்கு இருக்கிறது. குழம்பில் கரைக்கும் புளியும், அரைத்துவிடும் சின்ன வெங்காயமும் இந்தக் கணக்கில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நம் பனங்காட்டுப் பண்டங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கருப்பட்டி உடம்புக்கு நல்லது என்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் வலிப்புக்கான இந்த உணவில் கருப்பட்டிக்கும் வெள்ளைச் சர்க்கரைக்கும் வேறுபாடு இல்லை. பதநீர், நுங்கு, பனங்கிழங்கு, இளநீர், கேழ்வரகுக் கூழ் எல்லாம் அப்படியே. பிள்ளை ஏங்குகிறதே என்று ஆச்சி ஒரு வாய் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாலும், கந்தூரிச் சோறோ கோயில் சர்க்கரைப் பொங்கலோ ஒரு கை ஊட்டினாலும், பல நாள் உழைப்பு சில மணி நேரத்தில் கலைந்து வலிப்பு திரும்பலாம். எனவே பெற்றோருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. வீட்டுப் பெரியவர்கள், பக்கத்து வீட்டார், பள்ளி ஆசிரியர் எல்லாரிடமும் முன்னரே சொல்லிவைக்க வேண்டும்.

காய்ச்சல், இருமலுக்கான இனிப்பு சிரப்புகளிலும் சர்க்கரை உண்டு. மாத்திரையாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். வேறு நோய்க்காக மருத்துவமனையில் சேர்த்தால், குளுக்கோஸ் ஏற்றும் முன்பே குழந்தையின் உணவுமுறையைச் சொல்லிவிடுங்கள். தொடர் வாந்தி, மிகுந்த சோர்வு, வேகமான மூச்சு ஆகியவை தெரிந்தால் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

இந்த உணவில் கால்சியமும் வைட்டமின்களும் போதாமல் போகும். எழுதிக்கொடுத்த சத்து மாத்திரைகளை விட்டுவிட்டால் எலும்பு பலவீனப்படும். நம் வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடிக்கும் குழந்தைக்கு மலச்சிக்கலும் சிறுநீரகக் கல்லும் வரக்கூடும்.

இரண்டே வாரத்தில் பலன் இல்லை என்று கைவிடுவதும் தவறுதான். குறைந்தது மூன்று மாதம் பார்க்க வேண்டும். நன்கு பலன் தந்தால் ஏறக்குறைய இரண்டு ஆண்டு தொடர்ந்து, பின்னர் மருத்துவர் சொற்படி படிப்படியாகக் குறைப்பதே வழக்கம். வலிப்பு வந்த நாளும் நேரமும், சிறுநீரில் பார்த்த கீட்டோன் அளவும் ஒரு நோட்டில் இருந்தால்தான் அவர் உணவின் அளவைத் திருத்த முடியும். அந்த நோட்டுடன் மருத்துவரைப் பார்க்க மதுரைக்குப் போகும் நாளில் எடைபோட்ட உணவையும் டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். பசியில் குழந்தை அழும்போது பேருந்து நிலையத்தில் கைக்குக் கிடைப்பது பிஸ்கட்டும் பன்னும்தான்.